ஜெபப் பாயில் ஒரு நாய்க்குட்டி

எங்கள் வீட்டுப் பூனைகளுக்கு அம்மாவை நன்றாகத் தெரியும். ஆனால் அவற்றுக்குத் தெரிந்த அம்மா ஒரு போன் அளவுக்குத்தான் இருந்தாள்.

நான் நடை பழகி முடித்த வயதில் அம்மா குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். ஊரில் மிச்சமிருந்தது அப்பா, மாமி, நான், இரண்டு பூனைகள். மாமி என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் பக்கத்தில் அத்தையை மாமி என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணம் கூடி வராமலே போனவள். எனக்குச் சோறு ஊட்டியது, பேன் பார்த்தது, பள்ளிக்கூட வேன் வரும்வரை மழையில் குடைபிடித்து நின்றது எல்லாம் அவள்தான். பூனைகளுக்கும் அவள்தான். காலையில் அவள் அடுக்களைக்குப் போனால் பின்னாலேயே பூனைகளும் நானும் போவோம். யாருக்கு முதலில் பால் என்பதில் எங்களுக்குள் அவ்வப்போது தகராறு வரும். பெரும்பாலும் பூனைகள்தான் ஜெயிக்கும்.

தினமும் இருட்டியதும் வீட்டில் குடும்ப ஜெபம். அப்பாவுக்குத் திருவட்டாறு பக்கம் கொஞ்சம் ரப்பர் தோட்டம் உண்டு. காலையில் மரங்களில் பால் வெட்டுவார், மற்ற நேரமெல்லாம் சபைக் காரியம். அதனால் காய்ச்சல் என்றாலும் கரண்ட் இல்லையென்றாலும் ஜெபம் மட்டும் நிற்காது. பாயை விரித்து எல்லாரும் உட்கார்ந்ததும் மாமி ஒரு கீர்த்தனையை எடுத்துக் கொடுப்பாள். நாங்கள் பின்னால் இழுத்துக்கொண்டு போவோம். அப்புறம் வேதம் வாசிப்பது. அப்புறம் எல்லாரும் கண்ணை மூட, அப்பா ஜெபிப்பார். ஆமென் சொல்லும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது. அங்கே டியூட்டிக்குக் கிளம்புவதற்கு முன்னால் அம்மாவும் வீடியோ காலில் வந்து சேர்ந்துகொள்வாள். தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்திருப்போம். சார்ஜில் கிடக்கிற போன் லேசாகச் சுடும் அல்லவா, அந்தச் சூட்டுக்காக ராணி அதில் முதுகை ஒட்டிக்கொண்டு படுக்கும். அம்மாவுக்கு எங்கள் முகத்துக்குப் பதிலாக ராணியின் காதுதான் தெரியும். ராணியின் மகன் தடியன் பெயருக்குத் தகுந்த ஆள், பாயின் நடுவில் நீளமாகக் கிடப்பான். ஜெபம் முடிந்தால் சாப்பாடு, சாப்பாடு என்றால் மீன். ஆமென் என்பதற்கு மீன் என்று அர்த்தம் என இரண்டும் மனப்பூர்வமாக நம்பியிருந்தன. சபையிலேயே இவ்வளவு ஒழுங்காக ஜெபத்துக்கு வருகிறவர்கள் குறைவு என்று அப்பா சொல்வார்.

அந்தப் போனில் நான் அம்மாவிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான், ஒரு நாய்க்குட்டி. சாக்லேட், ஸ்கெட்ச் பேனா, வெளிநாட்டு செருப்பு எல்லாம் கேட்காமலே வந்தன. நாய்க்குட்டி மட்டும் வரவில்லை. "நான் கேன்சல் பண்ணிட்டு வரும்போ வாங்கித் தாரேன் மக்கா" என்பாள் அம்மா. வேலையை விட்டு மொத்தமாக ஊருக்குத் திரும்புவதைத்தான் எங்கள் ஊரில் கேன்சல் பண்ணுவது என்பார்கள். அதனால் என் மனதில் அம்மா வருவதும் நாய்க்குட்டி வருவதும் ஒரே விஷயமாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், வகுப்பில் நான் பீற்றிக்கொண்டதெல்லாம் நாய்க்குட்டியைப் பற்றித்தான்.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதத்தில் அம்மா கேன்சல் பண்ணி வந்தாள். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அப்பா கார் பிடித்துப் போயிருந்தார். வரும் வழியில் மார்த்தாண்டத்தில் அம்மாவின் தம்பி வீட்டில் இறங்கி, அங்கே நாய் போட்டிருந்த குட்டிகளில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இந்த விவரம் மாமிக்குத் தெரியாது. அப்பா சொல்லவில்லை. கஷ்டமான விஷயங்களைக் கர்த்தரிடம் மட்டுமே சொல்லுகிற சுபாவம் அவருக்கு.

வாசலில் கார் வந்து நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா இறங்கி என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினாள். கைகளில் நாய்க்குட்டி இருந்தது. நான் ஓடிப்போய் நாய்க்குட்டியை வாங்கிக்கொண்டேன். அம்மாவின் கைகள் சற்றுநேரம் அப்படியே நீண்டிருந்து பிறகு கீழே இறங்கியது இப்போதும் நினைவிருக்கிறது. அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தது குட்டியின் மூக்கை.

மாமி வழக்கம்போலக் காலைச் சுற்றிய பூனைகளோடு வெளியே வந்தாள். ராணி குட்டியைப் பார்த்தது. அதன் வால் பாட்டில் கழுவுகிற பிரஷ்போல விரிந்தது. அடுத்த நிமிஷம் ராணி கூரைமேல், தடியன் பலாமரத்தின்மேல்.

"இது எதுக்கு பிள்ளே? வீட்டில பூச்ச கெடக்குதுல்லா?" என்றாள் மாமி.

"பிள்ள ஆசப்பட்டா மைனி" என்றாள் அம்மா. அம்மாவுக்கு அவள் மைனி, அதாவது நாத்தனார்.

மாமி பெட்டிகளை உள்ளே எடுக்கச் சொல்லிவிட்டுப் பூனைகளைத் தேடிப் பலாமரத்தடிக்குப் போனாள். வந்ததும் வராததுமாக அம்மா, நனைந்தபடி, தன் வீட்டு முற்றத்தில் விருந்துக்காரியைப்போல நின்றாள்.

குட்டிக்குப் பெயர் வைத்தது அப்பா. "இனி நம்ம வீட்டுக்கு வாற தினார் இது ஒண்ணுதான்" என்றார். தினார் என்ற பெயரே நிலைத்தது. மாமி மட்டும் பெயர் சொல்லாமல் பட்டி என்பாள், எங்கள் பக்கத்தில் நாய்க்கு அதுதான் சொல். தவிட்டு நிறம், வெள்ளைப் பாதம். தரை வழுக்குவதால் எங்கே போக நினைத்ததோ அங்கே போய்ச் சேராமல் வேறெங்கோ போய்ச் சேரும். யாரைப் பார்த்தாலும் பின்பாதி முழுவதையும் ஆட்டும். அதைப் பார்த்துப் பயப்படுவதற்கு எங்கள் வீட்டுப் பூனைகளால்தான் முடியும்.

அம்மா நர்ஸ் அல்லவா, எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருந்தாள். நாயையும் பூனையையும் எப்படிப் பழக்குவது என்று நைட் டியூட்டியில் யூடியூபில் பார்த்து வைத்திருந்தாளாம். முதலில் சத்தம் பழக வேண்டும், அப்புறம் மணம், கடைசியில்தான் முகம். அதன்படி தினாரைத் தெற்கு அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். ஒரு துவர்த்தால் அதன் உடம்பைத் துடைத்து, அந்தத் துவர்த்தைப் பூனைகள் சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தாள். துவர்த்து என்றால் எங்கள் ஊரில் துண்டு. முறையெல்லாம் சரிதான். ஆனால் அந்தத் துவர்த்து குவைத்துப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. அதில் நாயின் மணத்துக்கு மேலாக ஒரு வெளிநாட்டு சோப்பின் மணம் தூக்கலாக அடித்தது. தடியன் அதை முகர்ந்து தும்மினான். ராணி சோற்றை விட்டுவிட்டு எழுந்து போயிற்று.

அந்த மணம்தான் அம்மாவின் மேலும் இருந்தது. அம்மா பக்கத்தில் போனால் ராணி நகர்ந்து உட்காரும். இதில் வேடிக்கை என்னவென்றால், அம்மாவின் குரலை அதற்கு அடையாளம் தெரியும். அம்மா "ராணீ" என்று கூப்பிட்டால் காதை நிமிர்த்தி, நேராகச் செம்புக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்கும். அங்கே போன் இருக்காது. திரும்பி அம்மாவை ஒரு பார்வை பார்க்கும், இவள் யார் நடுவில் என்பதுபோல. அப்பாவும் நானும் விழுந்து விழுந்து சிரிப்போம். அம்மாவும் சிரிப்பாள். ஆனால் நாங்கள் சிரித்து முடிப்பதற்கு முன்பே அவள் நிறுத்திவிடுவாள்.

அப்படியிருக்கும்போது முகம் காட்டுகிற கட்டம் வந்தது. அதற்கு ஜெப நேரம்தான் தோதானது என்று அம்மா கண்டுபிடித்தாள். அந்த நேரத்தில் எல்லாரும் ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்போம், யாரும் சத்தம் போட மாட்டோம், மீனை நம்பிப் பூனைகளும் தாமாகவே வந்துவிடும். தினார் அவள் மடியில் இருக்கும். பூனைகள் தூரத்திலிருந்து பார்த்துப் பழகும். ஆமென் சொன்னதும் இரு தரப்புக்கும் மீன். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அப்பாகூட ஒத்துக்கொண்டார். மாமி மட்டும், "பாப்போம்" என்றாள்.

அம்மாவின் திட்டத்தில் ஒரே ஒரு பிசகு. அவள் கணக்கில் வைத்திருந்தது போனில் கேட்ட ஜெபத்தை. நெட் எப்போது போகும் என்று தெரியாது, அம்மாவுக்கு டியூட்டிக்கு நேரமாகும் என்பதால், அந்த வருஷங்களில் அப்பா ஜெபத்தைச் சுருக்கித்தான் முடிப்பார். இப்போது அவர் பெண்சாதி கடல் தாண்டிச் சுகமாக வந்து சேர்ந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இனி யார் போனை வைக்கப் போகிறார்கள்? அவர் ஆதியிலிருந்து தொடங்கினார்.

விமானத்துக்காக நன்றி சொன்னார். விமானம் ஓட்டியவருக்காகச் சொன்னார். குவைத்து ஆஸ்பத்திரிக்காக, அங்கே அம்மாவோடு தங்கியிருந்த மலையாளச் சேச்சிமாருக்காக, அவர்களின் பிள்ளைகளுக்காக. எனக்குக் கால் மரத்துவிட்டது. தினார் அம்மாவின் மடியில் முனக ஆரம்பித்தது. குவைத்து முடிந்து அப்பா சபைக்கு வந்து, சபையிலிருந்து நாட்டுக்குப் போனபோது, பாயில் சரசரவென்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு சின்ன, சந்தோஷமான குரைப்பு. சீறல். ஏதோ உருண்டது. செம்பு கவிழ்ந்து தண்ணீர் என் பாவாடைக்குள் ஓடிவந்தது. கீச்சென்று ஒரு அலறல்.

அப்பா ஜெபத்தை நிறுத்தவில்லை. குரலை மட்டும் உயர்த்தினார். "இந்த வீட்டில சமாதானத்தத் தாரும் ஆண்டவரே!" என்று கத்தினார். நான் ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். அம்மாவின் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. மாமியின் கண்களும். நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஆமென் வராமல் யாரும் எழுந்திருக்கவும் முடியாது. தினார் மூக்கில் ரத்தக் கோட்டோடு பாயின் நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. ராணியும் தடியனும் வாசல் வழியே இருட்டுக்குள் பாய்ந்துவிட்டன. மாமியின் கழுத்து அவற்றைத் திரும்பித் திரும்பித் தேடியது.

அன்றைக்கு மீனுக்குப் பூனைகள் வரவில்லை. அப்படி ஒரு நாள் அதற்கு முன் இருந்ததே இல்லை.

மறுநாள் அவை புகைப்புரையில் இருப்பது தெரிந்தது. ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகை போடுகிற சின்னக் கட்டடம் அது. வீட்டுக்குப் பின்னால், தோட்டம் தொடங்குகிற இடத்தில் இருந்தது. மழைக்காலத்தில் பால் வெட்டு கிடையாது, அதனால் சும்மா கிடந்தது. ஷீட் காயப்போடுகிற கழிகளின்மேல் ஏறி இரண்டும் உட்கார்ந்துவிட்டன. மாமி போய்க் கெஞ்சினாள். சாளை மீனைக் காட்டினாள். கீழே இறங்கித் தின்றன, தின்றுவிட்டு மறுபடி ஏறிக்கொண்டன. வீட்டுப் பக்கம் காலே வைக்கவில்லை.

அதிலிருந்து மாமி ஜெப நேரத்தில் பூனைகளுக்குச் சோறு கொண்டுபோக ஆரம்பித்தாள். இருட்டினால் அவற்றுக்குப் பசிக்குமாம். பாட்டை எடுத்துக்கொடுக்க ஆளில்லாமல் அப்பா எங்கேயோ தொடங்கி எங்கேயோ முடித்தார். அம்மாவுக்கு ராகம் மறந்திருந்தது. பாயில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தாலும் பாதி காலியாகத்தான் தெரிந்தது.

மாமி ஒருநாள் மீன் கழுவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் அம்மாவிடம் சொன்னாள்: "சனிக்கெழமைக்குள்ள ரெண்டும் வீட்டுக்கு வரல்லன்னா, பட்டிய உனக்க தம்பிக்க வீட்டிலயே கொண்டு விட்டிரு பிள்ளே. அதுகள் இஞ்ச பெறந்து வளந்ததுகள். வந்தது போவட்டும். இருந்தது எங்க போவும்?"

"சரி மைனி" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். எத்தனை வருஷம் காத்திருந்து வந்த நாய்க்குட்டி! அதை ஒரு 'சரி மைனி'யில் கொடுத்துவிட்டாளே! அம்மா துணி மடித்துக்கொண்டிருந்த அறைக்குப் போய் நின்று, "நீ போனுக்குள்ள இருந்தப்பவே நல்லா இருந்துது" என்று சொன்னேன். "போனுக்குள்ள இருந்தா நீ சொன்னதக் கேப்ப."

அம்மா மடித்த துணியை மறுபடி விரித்து மறுபடி மடித்தாள்.

அடுக்களையில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. மாமி கதவருகே வந்து நின்றாள். என்னை மெச்சுவாள் என்று நினைத்தேன். நான் அம்மாவைக் குறை சொன்னால் அவளுக்குப் பிடிக்கும் என்று எப்படியோ எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. மாமி என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். நினைவு தெரிந்து அவள் என்னைக் கிள்ளியது அது ஒன்றுதான்.

"அம்மையைப் பாத்து பேசுத பேச்சா ஏட்டி இது?" என்றாள். குரல் என்னவோ போலிருந்தது.

அன்று சாயங்காலம் சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு புகைப்புரைக்குப் போகிற வழியில் மாமி நின்று திரும்பி, "பட்டியயும் தூக்கிட்டு வா பிள்ளே" என்றாள் அம்மாவிடம். அம்மா எழுந்தாள். இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்று, "மைனி, உங்களுக்க பழைய நைட்டி ஒண்ணு கிட்டுமா? கழுவாதது" என்று கேட்டாள்.

"என்னத்துக்கு?"

"இவனை அதில கெடத்தினா அதுகளுக்கு உங்க மணம் வரும். எனக்க துவர்த்தில வச்சதுதான் தப்பாப் போச்சு."

மாமி கொடியில் கிடந்த, மீன் மணமும் எண்ணெய் மணமும் ஏறிய அந்தப் பச்சை நைட்டியை உருவிக் கொடுத்தாள். "நல்லதாட்டு மூடிக்கோ. மழையில நனஞ்சிரும்" என்றாள். நாயைச் சொன்னாளா அம்மாவைச் சொன்னாளா என்று தெரியவில்லை. அம்மா நாயை மூடினாள்.

அப்பா அன்றைக்கு என்னையும் தன்னையும் வைத்து ஜெபத்தை நடத்தினார். வெகு சுருக்கமாக முடித்துவிட்டார். பிறகு பின்வாசலில் போய் நின்று புகைப்புரையைப் பார்த்தார்.

அடுத்தடுத்த சாயங்காலங்களில் நானும் தண்ணீர் கொண்டுபோகிற சாக்கில் அங்கே போய் நின்றிருக்கிறேன். தாழ்வான அந்தக் கதவுக்குள்ளே மாமி ஒரு ஓரம், அம்மா ஒரு ஓரம், இரண்டு பேரும் கவிழ்த்துப் போட்ட பால் வாளிகளின்மேல் உட்கார்ந்திருப்பார்கள். அம்மாவின் மடியில் பச்சை நைட்டிக்குள் தினார். மேலே கழியில் இரண்டு ஜோடிக் கண்கள். "அதுகளப் பாக்காத. பாத்தா எறங்காது. நாம நம்ம காரியத்தப் பேசிட்டு இருப்போம்" என்று மாமி சொன்னாள். அப்படித்தான் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். பூனைகளைப் பார்க்காமல் இருப்பதற்காக.

அவர்களுக்கு வேறு பேச்சே கிடைக்கவில்லை போலிருக்கிறது. பேசியதெல்லாம் என்னைப் பற்றி.

"தலவலிச்சா சொல்ல மாட்டா, கேட்டியா? சும்மா போய் சொவரப் பாத்துப் படுப்பா. அப்பமே தெரிஞ்சுக்கிடணும்" என்றாள் மாமி. "மீனில முள்ளு எடுத்துக் குடுக்கணும். ஆனா எடுத்துக் குடுக்குதோம்னு தெரியப்பிடாது. பெரிய ஆளுன்னு நெனப்பு. வெளம்பும்போ கரண்டியாலயே எடுத்திரணும்."

"இடிக்கு இப்பமும் பயமா மைனி?"

"பின்ன? கட்டிலுக்க அடியில போவா. போய் இழுக்கப்பிடாது. நாமளும் கூட அடியில போய்க் கெடக்கணும்."

அம்மா தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள். சில சமயம் கேட்டதையே திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. என்னைப் பற்றித் தெரிய வேண்டுமானால் என்னிடம் கேட்க வேண்டியதுதானே? இங்கே நாய்க்குட்டியின் தலையெழுத்து என்னவாகும் என்று தெரியாமல் நான் தவிக்கிறேன், இவர்கள் என் மீன் முள்ளைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாமி என் ரகசியங்களை எல்லாம் கொட்டித் தீர்க்கிறாளே என்று அவள்மேலும் கோபம் வந்தது.

ஒருநாள் ராணி கழியிலிருந்து இறங்கிற்று. யாரும் பார்க்கவில்லை. அதாவது மூன்று பேரும் பார்க்காததுபோல் இருந்தோம். ராணி மாமியின் காலடியில் போய் நின்று, மாமியை முகர்ந்து, பிறகு அம்மாவின் மடியில் இருந்த நைட்டியை முகர்ந்தது. மறுபடி மாமியிடம் போயிற்று. மறுபடி நைட்டி. ஒரு ஆள் எப்படி இரண்டு இடத்தில் இருக்க முடியும் என்று அதற்குப் பெருங்குழப்பம். நைட்டிக்குள்ளிருந்து தினார் மூக்கை நீட்டியது. ராணி அதன் தலையில் ஓர் அறை வைத்தது. நகத்தை உள்ளே வைத்துக்கொண்டு அறைந்த அறை.

"கண்டியா" என்றாள் மாமி, மெதுவாக. "அது அடியில்ல. சொல்லிக் குடுக்குது."

அம்மா அழுதுகொண்டிருந்தாள். அடி வாங்கியது நாய், இவள் எதற்கு அழுகிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் ராணி நைட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தது. தடியன் வந்து, தினாரின் காதை முகர்ந்து பார்த்துவிட்டு, வழக்கம்போல எல்லாருக்கும் நடுவில் நீட்டிப் படுத்தான். ஆனாலும் வீட்டுக்குள் வர இரண்டுக்கும் மனமில்லை. சாப்பிட்டு முடித்ததும் கழிமேல் ஏறிக்கொண்டன. சனிக்கிழமையும் வந்துவிட்டது. நான் காலையிலேயே தினாருக்குக் கடைசி முறையாகப் பாலூற்றுவதாக நினைத்து அழுதேன். மாமியிடம் போய்க் கெஞ்ச எனக்கு வாய் வரவில்லை. அவள் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கி நான் பார்த்ததில்லை.

மதியத்துக்குமேல் மழை விட்டிருந்தது. அப்பா ஒரு கூடை சிரட்டையும் தேங்காய் உரித்த தொண்டும் சுமந்துகொண்டு புகைப்புரைக்குப் போனார். மழையில் பூசணம் பிடித்த பழைய ஷீட்டுகள் கிடக்கின்றனவாம், அவற்றுக்கு இன்றைக்கே புகை போட்டாக வேண்டுமாம். மாதக்கணக்காகக் கிடந்த ஷீட். "இன்னைக்குத்தானா?" என்று மாமி கேட்டாள். "வெயில் அடிக்கும்போ செஞ்சாத்தானே உண்டு" என்று அவர் வானத்தைப் பார்த்துச் சொன்னார். வெயில் ஒன்றும் அடிக்கவில்லை. மாமி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். தம்பியின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததுபோல இருந்தது.

புகை ஓட்டு இடுக்கு வழியே வெளியே வர ஆரம்பித்தபோது மாமி கதவைத் திறந்து பிடித்தாள். ராணி தும்மிக்கொண்டே வெளியே வந்தது, தடியன் பின்னால். இரண்டும் முற்றத்தில் நின்று யோசித்தன. மாமி திரும்பிப் பார்க்காமல் வீட்டை நோக்கி நடந்தாள். ராணி அவள் பின்னால் போயிற்று. தடியன் ராணியின் பின்னால் போனான். அம்மா தினாரைக் கீழே விட்டாள். அது மண்ணில் வழுக்காமல், அழகாகத் தடியன் பின்னால் போயிற்று. தினாருக்குப் பின்னால் அம்மா. அடுக்களை வாசலில் எல்லாரும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே நுழைந்ததை நான் கிணற்றடியில் நின்று பார்த்தேன். சந்தோஷத்தில் எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. நாய்க்குட்டி தங்கிவிட்டது!

அன்று ஜெபத்துக்கு மாமி வந்தாள். கீர்த்தனையை எடுத்து முதல் அடியை மட்டும் பாடிவிட்டு நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தட்டுத்தடுமாறி அடுத்த அடியைப் பிடித்தாள். அவள் ராகம் கொஞ்சம் விலகித்தான் போயிற்று. மாமி திருத்தவில்லை, கூடவே போனாள். தினார் பூனைகளுக்குப் பக்கத்தில் வயிற்றைக் காட்டித் தூங்கியது. அப்பா நீளமாக ஜெபித்தார். யாரும் அசையவில்லை.

ஆமென் சொன்னதும் நான் எப்போதும்போல மாமியின் மடியில் தலைவைக்கப் போனேன். மீன் பொரிந்து வரும்வரை அங்கே படுத்திருப்பது எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து உள்ள உரிமை. மாமி என் தலையை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினாள்.

"அம்மைக்க மடியில போய்க் கெட மக்கா. எனக்குக் கால் கடுக்குது."

போனேன். அம்மாவின் மடிக்கு என்னைப் பழக்கமில்லை. அவள் கால்களைச் சரிசெய்துகொண்டாள். கையை எங்கே வைப்பது என்று கொஞ்சம் திண்டாடிவிட்டுக் கடைசியில் என் காதின்மேல் வைத்தாள். காதில் கை வைத்தால் எனக்கு உடனே தூக்கம் வரும். இது இவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே எதிரே பார்த்தேன்.

ராணி மாமியின் மடியில் ஏறிப் படுத்திருந்தது. அது போதாதென்று தடியனும் ஏறினான், அந்தப் பெரிய உடம்போடு. கால் கடுக்கிறது என்று சொன்னவள் இரண்டு கையாலும் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் வளர்த்த என்னைவிட மாமிக்குப் பூனைகள்தான் பெரிது என்று அன்றைக்கு எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வெகுநாள் நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமியும் ஏன் என்று கேட்கவில்லை.